பட்டணம் பார்த்ததும் வண்டி மாறினதும்

அந்தச் சனிக்கிழமை பட்டணம் பார்க்கப் புறப்பட்டவர்கள் மொத்தம் ஐந்து பேர். எங்களுக்கு மோட்டார் படகு ஓட்டக் கற்றுக்கொடுத்த தேவசகாயம் மாஸ்டர். சூளூர்ப்பேட்டைப் பக்கத்து அண்ணன் தம்பி ராமய்யா, சுப்பய்யா. இரண்டு பேருக்கும் தெலுங்குதான் வரும். ஏரிக்கு அக்கரையிலிருந்து வந்த எல்லப்பன். அப்புறம் கோதண்டமாகிய நான். இவ்வளவு சரியாகச் சொல்லக் காரணம், அன்றைக்குப் பூராவும் நான் ஐந்து பேர் இருக்கிறோமா என்று எண்ணிக்கொண்டே இருந்ததுதான். பட்டணத்தில் ஆள் குறைந்தாலும் வம்பு, கூடினாலும் வம்பு.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இருபத்து நாலு வயதில், மீசையோடு, மறுபடி மாணவனானேன். ராயபுரத்துப் பக்கம் ஒரு கொட்டகையில் சர்க்கார் ஒரு மாதம் எஞ்சின் பாடம் நடத்தியது. எங்கள் ஊரில் ஒருத்தரும் போக ஒப்பவில்லை. சும்மா சோறு போட்டு, பாடமும் சொல்லி, கைச்செலவுக்குப் பணமும் தருகிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கல்யாணமாகி ஆறு மாதம், கையில் காசில்லை. போனேன்.

வகுப்பு முடிகிற நேரத்தில் எனக்கு வேறு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. பழவேற்காட்டு ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடம் எங்கள் ஊருக்கு நாலோ ஐந்தோதான். எல்லாரும் ஒரே நாளில் கழி நட்டு வலை கட்டினால் ஒருத்தனுக்கும் மிஞ்சாது. அதனால் இன்றைக்கு இன்னாருக்கு இந்த இடம் என்று முறை உண்டு. அதைப் பாடு என்போம். வருஷத்தில் ஒரு நாள் அம்மன் கோயில் முன்னால் பேர் கூப்பிட்டு, குடத்தில் சீட்டுப் போட்டு முறை எடுப்பார்கள். கல்யாணமானவனுக்குத்தான் பேர். கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அந்த வருஷம் பேர் கிடையாது. ஒரே ஒரு விலக்கு. ‘அவன் வழியில் இருக்கிறான், என் கண்ணால் பார்த்தேன்’ என்று ஒருத்தன் உள்ளங்கையால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தால், பொழுது ஏரியில் இறங்குகிற வரைக்கும் குடத்தைத் தொட மாட்டார்கள். அதற்குள் ஆள் வந்து சேராவிட்டால் சத்தியம் செய்தவன் பாடும் போய்விடும். அவன் எந்தக் கரைக்காரனாக இருந்தாலும் அப்படித்தான். ஆகவே யாரும் யாருக்காகவும் கற்பூரம் அணைப்பதில்லை.

அப்பா போன பிறகு எங்கள் முறையைப் பெரியப்பாதான் வைத்திருந்தார். நான் அவர் வலைக்குக் கூலியாள். இந்த வருஷம்தான் அது என் பேருக்கு வரவேண்டும். பேர் கூப்பிடும் நாள் ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்குச் சர்ட்டிபிகேட் தருவது சனிக்கிழமை சாயங்காலம். நடுவில் இருந்தது ஒரு ராத்திரியும் ஒரு ரயிலும்.

வெள்ளிக்கிழமை கைச்செலவுப் பணம் கொடுத்தார்கள். வாங்கியவுடனே தபாலாபீசுக்குப் போய் ரயில் செலவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்தை என் பெண்சாதி அஞ்சலை பேருக்கு மணியார்டர் செய்தேன். குமாஸ்தா பணத்தை ஒரு தரம் எண்ணினார். இன்னொரு தரம் எண்ணச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை நல்ல பார்வை இல்லை.

எல்லப்பன் வெளியே நின்று சிரித்தான்.

“இன்னா மச்சான், நாளானிக்கு நீயே ஊட்டுக்குப் போற. பணத்தைத் தபால்ல உட்டுட்டு அது பின்னாலயே ஓடப் போறியா?”

“பட்டணத்துல பிக்பாக்கெட்டு ஜாஸ்தி.”

“உன் பாக்கெட்ல எவன் கை வைப்பான்? மூணு ஊக்கு குத்திக்கினு கீற. அவன் ஆசுபத்திரிக்குத்தான் போவணும்.”

எல்லப்பனை நான் நம்பவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏரி நடுவில் நடுமேடு என்று ஒரு மணல் திட்டு. அதற்கு வடக்கே எங்கள் தண்ணீர், தெற்கே அவர்கள் தண்ணீர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் எங்கள் வலை அறுந்து கிடந்தது. அறுத்தது அக்கரைக்காரர்கள் என்று எங்கள் ஊரே சொல்லிற்று. அந்தக் கரைக்காரன் என்னைப் போய் மச்சான் என்று கூப்பிடுகிறான் என்றால் எதற்குக் கூப்பிடுகிறான்?

சனிக்கிழமை காலை நாஷ்டா முடித்துப் பஸ் ஏறினோம். ட்ராம் வண்டி நின்றுபோனாலும் சில தெருக்களில் அதன் தண்டவாளத்தை எடுக்காமல் வைத்திருந்தார்கள். ஓடாத வண்டிக்குத் தண்டவாளம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. மாஸ்டர் எங்களை மாணவர்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதி, அரை டிக்கெட் கேட்டார். கண்டக்டர் காகிதத்தைப் பார்த்தார், எங்கள் மீசைகளைப் பார்த்தார்.

“ஸ்டூடண்டா? எந்தக் காலேஜுய்யா இதுங்க?”

“இப்ப செத்த காலேஜுக்குப் போறோம்” என்றார் மாஸ்டர். எழும்பூர் மியூசியத்தைப் பட்டணத்து ஜனங்கள் அப்படித்தான் சொல்வார்கள். மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜு.

“அதானே பார்த்தேன். இதுங்களுக்கு அங்கதான் சீட்டு கிடைக்கும்” என்று சொல்லி முழு டிக்கெட் கிழித்தார். பஸ்ஸே சிரித்தது. பாக்கிச் சில்லறையை மாஸ்டர் எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

மியூசியத்தில் ஒரு திமிங்கலத்தின் எலும்பை மாட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் தெரு நீளம் இல்லாவிட்டாலும் மூன்று வீட்டு நீளம் இருக்கும். மரத்தில் செதுக்கியதாக இருக்குமோ என்று நகத்தால் சுரண்டிப் பார்க்கக் கையை நீட்டினேன். காவல்காரர் எங்கிருந்துதான் வந்தாரோ, “ஏய், கையை எடு” என்றார். சுரண்டினால் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறார்கள் என்றே நினைத்தேன். சுப்பய்யா தெலுங்கில் அண்ணனிடம் ஏதோ கேட்டான். எங்கள் பக்கம் தெலுங்கு காதில் விழுந்தே வளர்ந்ததால் புரிந்தது. “இவ்வளவு பெரிய மீனை எந்த வலையில் பிடித்தார்களாம்? மீனை வைத்தவர்கள் வலையை ஏன் வைக்கவில்லை?” நல்ல கேள்வி.

அடுத்த அறையில் கண்ணாடி ஜாடிகளில் மருந்துத் தண்ணீர் ஊற்றி மீன்களைப் போட்டிருந்தார்கள். ஒன்று மடவை. பேர் எழுதி, பழவேற்காடு என்றும் எழுதியிருந்தது. எல்லப்பன் ஜாடியோடு மூக்கை ஒட்டினான்.

“நம்ம மடவை, மச்சான். நடுமேட்டுக்குத் தெக்கால புடிச்சது. பாத்தாலே தெரியுது.”

“வடக்கால.”

“வயித்தைப் பாரு. எங்க தண்ணியில மேஞ்சாதான் இப்பிடி இருக்கும்.”

“உங்க தண்ணியில மேயறதுக்கு இன்னா கீது, சேறுதான் கீது.”

செத்த மீனுக்கு எல்லை கேட்டு இரண்டு பேரும் சத்தம் போட, மாஸ்டர் ஆளுக்கொரு கையாய்ப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். “எஞ்சினைப் பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச பசங்க நீங்க. ஒரு மீனு முன்னால மானத்தை வாங்கறீங்களே” என்றார்.

மத்தியானம் ஒரு மிலிட்டரி ஓட்டலில் சாப்பாடு. ஒரு மாதமாகச் சாம்பாரைக் கண்ட நாக்கு. வறுத்த மீன் கேட்டேன். வந்ததும் புரட்டிக் கண்ணைப் பார்த்தேன். ஐஸில் இரண்டு நாள் கிடந்த மீன்.

“இது எப்ப புடிச்சது?”

பரிமாறினவர் இலை அடுக்கிக்கொண்டே, “உன்னை மாதிரி ஆளு கேப்பான்னு அதும் ஜாதகத்தை எழுதி வைக்கல நைனா. துன்றியா, எடுத்துக்கினு போவட்டா?” என்றார்.

தின்றேன். கடலுக்கும் அந்த ஓட்டலுக்கும் நடந்துபோகிற தூரம்தான்.

பிறகு மூர் மார்க்கெட். அஞ்சலைக்கு ஒரு கைக்கண்ணாடி வாங்க ஆசை. கடைக்காரர் மூன்று ரூபாய் என்றார். எட்டணா என்றேன். “எடுத்துக்கோ” என்று காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தார். எனக்குப் பகீரென்றது. மூன்று ரூபாய்ச் சாமானை எட்டணாவுக்கு மறுபேச்சு இல்லாமல் தருகிறவன் என்ன சாமான் தருகிறான்? வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டேன். எல்லப்பன் முன்னால் வந்து அந்த எட்டணாவைக் கொடுத்து, கண்ணாடியை வாங்கி, தன் முகத்தைப் பார்த்து மீசையை நீவிக்கொண்டான். இவனும் கடைக்காரனும் முன்னமே பேசி வைத்திருப்பார்களோ என்று தோன்றியது. எப்போது பேசியிருக்க முடியும் என்று யோசித்துப் பார்த்தேன். வழியில்லை. ஆனாலும் தோன்றியது.

கடைசியாக ஹைகோர்ட்டு விளக்கு. கடலில் போகும்போது ராத்திரியில் நாங்கள் பார்த்துத் திசை பிடிக்கிற விளக்கு அது. பகலில், கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், அது வேறு ஏதோ ஒன்று மாதிரி இருந்தது. “இதானா?” என்று மாஸ்டரை மூன்று தரம் கேட்டேன். நாலாம் தரம் கேட்பதற்குள் அவர் நடந்துவிட்டார். சாயங்காலம் சர்ட்டிபிகேட் வாங்கினோம். என் பேரில் எழுத்து எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்த்து, மடித்து, ஊக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சென்ட்ரல் ஸ்டேஷன். அப்படி ஒரு கும்பலை நான் தேர்த் திருவிழாவில்தான் பார்த்திருக்கிறேன். நானும் எல்லப்பனும் பொன்னேரிக்குச் சீட்டு வாங்கினோம். கும்மிடிப்பூண்டி வண்டியில் போகவேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வண்டிகள் நின்றன.

“அந்தாண்ட நிக்குது பார், அதான் நம்ம வண்டி. வா, எடம் புடிக்கலாம்” என்றான் எல்லப்பன். அவன் குரலில் இருந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் இன்றைக்கு ஊர் போய்ச் சேராவிட்டால் யாருக்கு லாபம் என்று மனசு கணக்குப் போட்டது. அவன் காட்டிய வண்டியையே ஒரு போர்ட்டரும் காட்டினார். காட்டிவிட்டு, “மூட்டையைக் குடு, தூக்கியாறேன்” என்றார். அப்படியானால் இவரும் அவனோடு சேர்ந்தவர்.

அப்போதுதான் இந்தப் பக்கத்து வண்டியிலிருந்து வாசம் வந்தது. கருவாட்டு வாசம். எட்டிப் பார்த்தேன். பெஞ்சுக்கடியில் ஆறு பனையோலைக் கூடைகள். நெத்திலிக் கருவாடும் வாளைக் கருவாடும். கூடை வாயைக் கட்டியிருந்த முடிச்சு எங்கள் பழவேற்காட்டு முடிச்சு, வேறு ஊர்க்காரனுக்கு அந்தக் கட்டு வராது. மனுஷன் பொய் சொல்வான், போர்டைக்கூட மாற்றி மாட்டுவான். வாசம் பொய் சொல்லாது. எங்கள் கரைக் கருவாடு இருக்கிற வண்டி எங்கள் கரைக்குத்தான் போகும். ஏறி உட்கார்ந்தேன்.

வண்டி நகர்ந்ததும் எல்லப்பன் பிளாட்பாரத்தில் கூடவே ஓடிவந்தான்.

“டேய் கோதண்டம்! அது அரக்கோணம் வண்டிடா! எறங்குடா பேமானி!”

நான் ஜன்னல் பலகையை இறக்கினேன்.

பெரம்பூர் வந்தது. வில்லிவாக்கம் வந்தது. எதிரே கீரைக் கூடையோடு இருந்த அம்மாவிடம், “எண்ணூர் எப்பம்மா வரும்?” என்றேன். “எண்ணூரா? இது திருவள்ளூர் போற வண்டிப்பா” என்றாள். எல்லப்பன் சொன்னதையே இவளும் சொல்கிறாள். ஆனால் இவள் எல்லப்பனைப் பார்த்ததுகூட இல்லையே என்று மனசின் ஒரு மூலை சொல்லிற்று. பலகையை ஏற்றிப் பார்த்தேன். எண்ணூர்க் கழிமுகம் வரவேண்டும், உப்பளம் வரவேண்டும். வந்தது தென்னந்தோப்பும் நெல் வயலும். புதிதாகச் சுற்றுவழி ஏதும் போட்டிருப்பார்களோ என்று ஆவடி வரைக்கும் சமாதானம் சொல்லிக்கொண்டேன். திருநின்றவூர் தாண்டியபோது காற்றில் உப்பே இல்லை. கருவாட்டைத் தவிர வேறு கடல் அங்கே கிடையாது.

கூடைகளுக்கு மேலே பெஞ்சில், முகத்தில் பாதியைத் துண்டால் கட்டி மூடித் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரை உலுக்கி எழுப்பினேன்.

“இந்தக் கருவாடு எங்க போவுது?”

“ஆர்.கே. பேட்டை சந்தைக்கு. ஏன் தம்பி, வாங்கறியா?”

“பழவேற்காட்டுக் கருவாடுதானே?”

“பழவேற்காட்டுதான். நானும் பழவேற்காடுதான். சுலைமான்.”

“அப்ப வண்டி பழவேற்காட்டுப் பக்கந்தானே போவணும்?”

அவர் முகத்துக் கட்டை அவிழ்க்காமலே எழுந்து உட்கார்ந்தார். “கருவாடு ஊரைவுட்டுத்தான் தம்பி போவும். திரும்பிப் போவுமா? நம்மூர்ல இல்லாத கருவாடா, பட்டணத்துலேர்ந்து கொண்டு போறதுக்கு?”

பெட்டி முழுக்கச் சிரித்தது. கீரைக்கார அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் டிக்கெட் பரிசோதகர் வந்துவிட்டார். பொன்னேரிச் சீட்டைப் பார்த்து அபராதம் என்றார். என்னிடம் இருந்தது பன்னிரண்டு அணா. மிச்சமெல்லாம் பத்திரமாகத் தபாலில் போய்க்கொண்டிருந்தது.

பாடு, குடம், பெரியப்பா, பொழுது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். பரிசோதகருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுலைமான் பாய்க்கு விளங்கிற்று. அபராதத்தைக் கட்டினார். திருவள்ளூரில் என்னோடு இறங்கி, திரும்பப் போவதற்கும் சீட்டு வாங்கிக் கையில் வைத்தார்.

“எதுக்கு பாய் குடுக்கறீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

“நல்லா இருக்குதே கேள்வி. வாணான்னா குடு.”

கொடுக்கவில்லை. “எறால் ஓடறப்ப வந்து வாங்கிக்கிறேன், போ” என்று சொல்லி அவர் தன் வண்டியில் ஏறிக் கடம்பத்தூர்ப் பக்கம் போனார்.

பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டி எது என்று ஐந்து பேரைக் கேட்டேன். ஐந்து பேரும் ஒரே வண்டியைக் காட்டினார்கள். ஐந்து பேரும் ஒரே மாதிரி சொன்னதே சந்தேகமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். எண்ணூர்க் கழிமுகத்து நாற்றம் மூக்கில் ஏறிய பிறகுதான் கண்ணைத் திறந்தேன். மீஞ்சூர் போய்ப் பொன்னேரி வந்தது. பழவேற்காட்டு பஸ் போய்விட்டிருந்தது. உப்பு ஏற்றப் போகிற மாட்டுவண்டியில் தொற்றிக்கொண்டேன். மாடு நடந்த நடைக்கு நான் இறங்கித் தள்ளியிருக்கலாம். ஏரிக்கரையில் தெரிந்தவர் ஒருத்தர் படகு தள்ளிக்கொண்டிருந்தார். ஏறி, நானும் ஒரு கழியைப் பிடித்து ஊன்றினேன். பொழுது முதுகுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கப் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம்.

கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. குடம் மணல்மேல் இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. கொஞ்சம் தள்ளி, ஒரு பனைமரத்தடியில், எங்கள் ஊர்க்காரன் ஒருத்தனும் பக்கத்தில் போகாமல், தனியாகக் குந்திக்கொண்டிருந்தான் எல்லப்பன்.

பெரியப்பா குரல் தண்ணீர் வரை கேட்டது. “பொழுது போச்சுப்பா. குடத்தை எடுங்க.”

ஊர்த் தலைவர் நாட்டார் கண்ணுக்குமேல் கையை வைத்து ஏரியைப் பார்த்தார். “இன்னும் விளிம்பு தெரியுது. இரு.”

முழங்கால் தண்ணீரில் குதித்தேன். “கீறேன்! கீறேன்!” என்று கத்திக்கொண்டே ஓடினேன். நாட்டார் என்னைப் பார்த்தார், எல்லப்பனைப் பார்த்தார். “அவன் பாடு பொழைச்சுது” என்றார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. அவன் சரியான வண்டியில் வந்து, தன் ஊருக்குப் போகாமல் நேரே எங்கள் ஊருக்கு வந்து, ‘வண்டி மாறி ஏறிட்டான், வழியில கீறான், என் கண்ணால பாத்தேன்’ என்று அம்மன் முன்னால் கற்பூரம் அணைத்திருக்கிறான். உள்ளங்கையில் கொப்புளம் இருந்தது.

சீட்டு எடுத்தோம். எனக்குப் பதினோராவது முறை வந்தது. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

“காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல. உன் ஊட்ல சோறு கீதா?” என்றான் எல்லப்பன். அஞ்சலை சோறு போட்டாள். அவன் இடது கையால் தின்னத் தெரியாமல் கொப்புளத்தோடேயே பிசைந்தான். நான் எதிரே உட்கார்ந்து அவன் நாலு கவளம் தின்னும் வரை பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை.

“எதுக்குடா செஞ்ச?”

“உன் பெரியப்பன் கையில முறை இருந்தா நடுமேட்டைத் தாண்டி எங்க தண்ணியில கழி நடுவான். வருஷா வருஷம் நட்டுக்கினுதான் கீறான். நாங்க கேட்டா வலை அறுத்தோம்னுவான். நீயா இருந்தா, உன் நெழலு எங்க பக்கம் உழுந்தாக்கூட ரெண்டு தபா திரும்பிப் பாப்ப. எங்களுக்கு அந்த மாதிரி ஆளுதான் வோணும். கொழம்பு ஊத்தச் சொல்லு.”

சிநேகிதம், பாசம் என்று அவன் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். இதை நம்பினேன். என் முறை வந்த நாளில் நடுமேட்டுக்கு ஒரு முழம் இந்தப் பக்கமே கழி நட்டேன். பிறகு அரை முழம் இன்னும் தள்ளி நட்டேன்.

இறால் ஓடும் காலம் வந்தது, போனது. சுலைமான் பாய் வரவில்லை. பழவேற்காட்டுக்குப் போய் விசாரித்தேன். கருவாட்டு வியாபாரத்தில் மூன்று சுலைமான் பாய் இருக்கிறார்கள். மூன்று பேரும், “நான் இல்ல தம்பி” என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்கள். பாதி முகம் மட்டும் பார்த்த எனக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. மூன்று பேரில் ஒருத்தர்கூட, சும்மா வருகிற பணம்தானே என்று ஆமாம் சொல்லி வாங்கிக்கொள்ளவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை பேஜாராக இருக்கிறது.

இப்போது அணா போய் நயா பைசா வந்துவிட்டது. பதினாலு அணாவுக்கு எண்பத்தேழு என்று போர்டில் எழுதியிருக்கிறார்கள். அதில் ஒரு அரைப் பைசா எங்கே போயிற்று என்று ஒருத்தரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அதனால் நான் பழைய கணக்கிலேயே வைத்திருக்கிறேன். சுலைமான் பாய்க்குத் தரவேண்டியது இரண்டு ரூபாய் பதினாலு அணா.